இருபத்திரண்டு நிமிடம்

அது எழுபத்தைந்தா, எழுபத்தாறா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. அழகர் கடைக்குள் வந்தபோது மழை பெய்ததாக நினைவு. அதுவும் நானாகச் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். அவன் முதலில் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

"அண்ணே, ஒரு நாளாவது பந்தியில உக்காந்து சாப்பிடணும்."

அழகர் கொஸ்லந்தக்காரன். தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், திருவிழா என்றால் ஒலிபெருக்கி கட்டுவான். அவனுடைய ரெக்கார்ட் பிளேயரில் முள் ஓயாமல் குதிக்கும். விருந்து முடியும்வரை பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, குதிக்கிற போதெல்லாம் விரலால் பிடிக்க வேண்டும். அவனுக்கு ஆறிய சோறுதான் மிஞ்சும்.

நான் பதுளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு ஹாலிஎலயில் எங்கள் வீட்டில் தங்கை அற்புதமலருக்கு நிச்சயம். பாட்டுக்கு அழகரைத்தான் சொல்லியிருந்தோம். அதனால் அவனைவிடக் கவலை எனக்கு.

பெரியம்மா மகளின் நிச்சயத்தில் முள் ஒரே சொல்லில் சிக்கி, அதையே பதினைந்து தரம் பாடியது. மூன்றாம் மாதம் சம்பந்தம் முறிந்தது. அன்றிலிருந்து முள் குதித்தால் காரியம் ஆகாது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் நம்பினார்கள்.

கோளாறு கார்ட்ரிஜில், முள்ளைத் தாங்குகிற அந்தச் சின்னப் பெட்டியில். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா ஏலத்தில் அழகர் அதை எடுத்திருந்தான். பழையது, அருமையானது, அதன் முள் பூனை மீசைபோல வளையும். அதைப் போய்த் தன் பிளேயரின் இரும்புக் கையில் மாட்டி, மேலே ஓர் ஐந்து சதக் காசையும் ஒட்டி வைத்திருந்தான்.

"மொதல்ல காச எடு. பாரத்துல அமுங்கிக் கெடக்கு."

"காசு வைக்காட்டி இன்னும் குதிக்கும்ணே."

"கையே கனம்டா. இதுக்கு அந்தக் கை சரிவராது."

மூன்று நாள் வேறு வேலை ஓடவில்லை. ஓர் அலுமினியக் கையைப் போட்டேன். பத்து நிமிடம் ஓடிவிட்டுக் குதித்தது. இன்னொன்றில், மேளம் வரும் இடத்தில் எல்லாம் நடுங்கியது. உடைந்த ரேடியோகிராம் ஒன்றின் மெல்லிய கையைக் கழற்றி மாட்டி, கனம் சரிக்கட்டப் பின்பக்கம் ஓர் ஈயத் துண்டை வைத்து, அதைக் கத்தியால் சீவிச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மலர் பக்கத்தில் நின்றாள்.

"இதுக்கும் பொருத்தம் பாக்கணுமாண்ணே?"

"பாக்காம மாட்டுனா இப்பிடித்தான் குதிக்கும்."

அவள் சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். பிறகு, "ஒரு பக்கம் எவ்வளவு நேரம் ஓடும்?" என்றாள்.

"பெரிய தட்டுன்னா இருவத்திரெண்டு நிமிஷம். ஏன்?"

"அந்தாளு சாப்பிட அது போதுமான்னு பாத்தேன்."

நான் சிரித்தேன்.

ஞாயிறன்று அழகர் ஒலிபெருக்கியைப் பலா மரத்தில், கீழே ரயில் நிலையத்தைப் பார்க்கக் கட்டினான். "மாப்பிள வீட்டாளுங்க எறங்குறப்பவே கேக்கட்டும்ணே," என்றான். அப்புத்தளையிலிருந்து இருபது பேர் வந்தார்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்து, பெண்ணைப் பார்க்கக் கேட்ட பிறகுதான் அவளை உள்ளறையிலிருந்து அழைத்து வருவது எங்கள் வழக்கம்.

பந்தி உட்கார்ந்ததும் அழகர் பெரிய இசைத்தட்டை வைத்து முள்ளை இறக்கினான். நான் சோற்று வாளியோடு நடந்தேன். காது மட்டும் பலா மரத்தில். நாலாவது பாட்டில் ஒரு கீறல் உண்டு. அந்த இடம் நெருங்கியபோது கரண்டி இலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

முள் தாண்டிப் போயிற்று.

"பாட்டு சுத்தமா இருக்கே தம்பி. நல்ல சகுனம்," என்றார் மாப்பிள்ளையின் அத்தை. எனக்குப் பெருமையாக இருந்தது. அழகர் பின்வரிசையில் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. முள் தட்டின் நடுவில் கிர்ர், கிர்ர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தேன், முக்காலி காலி. நானே கையைத் தூக்கி வைத்தேன். அந்த அமைதியில், கீழே ரயில் புறப்படும் சத்தம் கேட்டது.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மலரு அழகருக்குச் சோறு குடுத்துட்டு வர்றேன்னு வந்துச்சே, எங்க?"

அப்புத்தளைக்காரர்கள் பாயசம் குடிக்காமல் எழுந்து போனார்கள். மாப்பிள்ளை மறுவருடம் வெலிமடையில் கல்யாணம் கட்டினார். அம்மா சாகும்வரை மலரின் பெயரைச் சொல்லவில்லை. அழகரும் மலரும் கொஸ்லந்தவில்தான் இருக்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். பிளேயரைக் கேட்டு அவன் வரவே இல்லை.

அம்மாவின் அடக்கத்துக்கு வந்த மலர், திரும்பிப் போகும் வழியில் கடைக்குள் வந்தாள். அலமாரியில் இருந்த பிளேயரின் கையை ஒரு விரலால் தொட்டாள்.

"ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுச்சுண்ணே," என்றாள். "ஒரு எடத்துல குதிச்சிருந்தா நான் திரும்பி வந்திருப்பேன்."