ஊசி ரகசியம்

"மாமா, இது உங்க காதோட இருக்கட்டும். ஃப்ளூ தடுப்பூசி வந்திருக்கு. அசந்தா தீர்ந்துடும். நாளைக்கே பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க!"

போனில் சொன்னது மச்சான். அரசு மருத்துவமனையில் மருந்துக் கிடங்கு அவன் பொறுப்பு.

சலூன்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய ஆள் இருந்தால் சும்மாவா? மகள் வேறு மாசமாக இருக்கிறாள். போன குளிர்காலத்தில் ஃப்ளூ அடித்துத் தெருவே போர்த்திப் படுத்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

"சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன் மச்சான்!"

ஆனால் கையில் கத்தரி இருக்கும்போது அவர் வாய் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

முதலில் வந்து உட்கார்ந்தவர் பள்ளிக்கூட வாத்தியார்.

"சார், உங்களுக்கு ஆஸ்துமா இருக்கேன்னு சொல்றேன். வெளியே விட்டுடாதீங்க..."

அடுத்து பஸ் டிரைவர். அவரும் வேண்டியவர்தானே?

"அண்ணே, உங்களுக்கு மட்டும்தான்..."

மாலை கடையைச் சாத்தும்போது, வந்த அத்தனை பேருமே அவருக்கு வேண்டியவர்களாகி இருந்தார்கள்.

மறுநாள் காலையில் மகளோடு போனவருக்குப் பகீரென்றது. வரிசை வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பி, கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது. வாத்தியார் குடும்பத்தோடு முன்னால் நின்றார். டிரைவர் டெப்போவையே கிளப்பிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, எல்லாம் உங்க புண்ணியம்!" என்று கையை வேறு ஆட்டினார்.

மகள் முறைத்தாள். "அப்பா, எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"ரெண்டு மூணு பேர்தாம்மா..."

"மொட்டை அடிக்க வந்தவங்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

அவரால் சிரிக்க முடியவில்லை. 'அட பாவி வாயே! பெத்த பொண்ணுக்குக் கிடைச்சதை ஊருக்கு அள்ளி விட்டுட்டியே!' கண் கலங்கிவிட்டது. பின்பக்கமாக ஓடி மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு நடந்து போச்சு மச்சான். எப்படியாவது பாப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்து வையேன்!"

மச்சான் குளிரறைக் கதவைத் திறந்தான். கூரை வரைக்கும் பெட்டி பெட்டியாகத் தடுப்பூசி.

"ஊருக்கே போடலாம் மாமா. மாசமா இருக்கிறவங்களுக்குத் தனி வரிசை. பாப்பாவை இந்நேரம் நர்ஸ் உள்ளே கூப்பிட்டிருப்பாங்க."

"அடப்பாவி! அப்புறம் எதுக்குத் தீர்ந்துடும்னு சொன்னே?"

"போன வருஷம் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினோம், மைக் கட்டிக் கத்தினோம். இலவசம்தானேன்னு ஒரு ஈ காக்கா வரலை. அத்தனையும் காலாவதியாகிக் குப்பைக்குப் போச்சு. 'நாடு முழுக்கப் பங்கு போட்டு அனுப்புறோம், வேண்டாதவங்களுக்கு எதுக்கு?'ன்னு மேலிடத்துல குறைக்கப் பார்த்தாங்க. கெஞ்சிக் கூத்தாடி முழுசா வாங்கியிருக்கேன். இதுவும் மிஞ்சினா அடுத்த வருஷம் நிஜமாவே கிடைக்காது."

சலூன்காரருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

"சரிடா, அதை உன் கூடப்பொறந்த அக்காகிட்டச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? என்கிட்ட எதுக்குச் சொன்னே?"

மச்சான் சிரித்தான்.

"அக்கா ரகசியத்தைக் காப்பாத்திடுவாளே மாமா!"