வண்டி திரும்பும் மூலை

அமரர் ஊர்தியின் ஓட்டுநர் இறங்கி வந்து தெருமுனைச் சுவரைப் பார்த்தார். பிறகு தன் வண்டியின் நீளத்தைப் பார்த்தார்.

வராது என்றார். தூக்கிக்கொண்டு வந்துவிடச் சொன்னார். அறுபது அடிதான்.

என் மனைவி கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தாள். விடிகாலையில் தூக்கத்திலேயே போயிருந்தாள்.

அறுபது அடி பெரிய தூரமில்லை. தூக்க ஆட்களும் இருந்தார்கள். ஆனாலும் இந்தத் தெருவில், அவள் வாசலுக்கு, ஒரு வண்டி வராமல் போகக் கூடாது.

இது தெருவாவதற்கு முன்பே அவளுக்கு இந்தத் தெருவைத் தெரியும்.

நகரமைப்பு அலுவலகத்தில் மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. சோளம் விளைந்த காடு அவள் மேசைக்குக் காகிதமாக வரும். சாலையின் அகலம், பூங்காவுக்கு விட்ட இடம், மழைத்தண்ணீர் போகும் வழி. எல்லாம் பார்த்துச் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவாள்.

கடைசியாக மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து ஓர் அட்டைத் துண்டை எடுப்பாள்.

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மீந்த ஒன்றிலிருந்து வெட்டியது. கட்டைவிரல் நகத்தளவு. ஓரத்தில் தடவிய மஞ்சள் இன்னும் இருந்தது.

அது தீயணைப்பு வண்டி. வரைபடத்தின் அளவுக்குச் சுருங்கியது.

ஒரு விரலால் அதைத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போவாள். திருப்பங்களில் மெதுவாக. அட்டை ஏதாவது மனையில் இடித்தால் கோப்பு திரும்பிப் போகும். அந்த மனையின் மூலையைச் சாய்வாக வெட்டிச் சாலைக்கு விட்டால்தான் ஒப்புதல்.

விதிப்படி ஒரு கணக்கு உண்டு. அதையும் போடுவாள். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

இந்தக் காடு சாமியப்பனுடையது. மனை பிரித்தவர் முதல் மூலையைத் தனக்கென்று வைத்திருந்தார். அட்டை அங்கேதான் இடித்தது.

அலுவலகத்துக்கே வந்து சண்டை போட்டாராம்.

“மூலைய வெட்டிப்போட்டா அது மனைங்களா மேடம்? கடிச்சு வெச்ச தோசையாட்ட இருக்குது.”

தோசையை அவரே சாப்பிடலாம், மூலையை மட்டும் வண்டிக்கு விட்டுவிடச் சொன்னாளாம் இவள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் அவரும்.

ஆறு வருடம் கழித்து, வேறொருவர் கட்டி விற்ற இந்த வீட்டை வாங்கினோம். குடிவந்த அன்று அவள் வழி கேட்கவில்லை. எத்தனையோ முறை வந்த தெருதானே என்றாள்.

சாமியப்பன் முருங்கைக்காய் கொண்டுவருவார். இங்கேயும் அவருக்கு அவள் மேடம்தான்.

அவள் ஓய்வு பெற்ற மறு வருடம் அவர் சுவர் கட்டினார். இடுப்பளவு. பேத்தியின் ஸ்கூட்டியை நிறுத்த. வெட்டிவிட்ட மூலையையும் உள்ளே சேர்த்து.

காலை நடை முடிந்து வந்தவள் அந்தச் சுவரெதிரே நின்றாள். வீட்டுக்குள் வந்து கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள்.

மூடினாள்.

சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

“சொல்லலாங்க. நாளைக்கு அவரு முருங்கக்காயோட வந்து நின்னா, மூஞ்சிய எப்படிப் பாக்கறது?”

எனக்குத் தெரிந்து அவள் விட்டுக்கொடுத்த ஒரே மூலை.

ஓட்டுநர் காத்திருந்தார். மைத்துனர் ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினார். நான் சுவரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

கூட்டத்தில் நின்றிருந்த சாமியப்பன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். தன் வீட்டுக்குள் போனார்.

கடப்பாரையோடு வந்தார்.

முதல் அடி விழுந்ததும் நான் உள்ளே போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஆளின் சத்தம். பிறகு பல கைகள் கற்களை எடுத்து ஓரமாகப் போடும் சத்தம்.

பிறகு இன்ஜின்.

பின்னால் எடுக்கவில்லை. இடையில் நிற்கவில்லை. ஒரே திருப்பு.

வாசலில் வந்து நின்றது.

குனிந்து அவளிடம் சொன்னேன்.

“திரும்பிருச்சு.”

கருமாதிக்கு மறுநாள் காலை சாமியப்பன் கொத்தனாரோடு தெருமுனையில் நின்றிருந்தார். தரையில் சுண்ணாம்புத் தூளில் சாய்வாக ஒரு கோடு. என்னைக் கூப்பிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? நான் வேதியியல் வாத்தியார். அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான்.

ஆனால் அவள் கேட்டதைவிடக் கோடு நன்றாகவே உள்ளே தள்ளியிருந்தது. அது எனக்கே தெரிந்தது. இவ்வளவு எதற்கு என்றேன்.

“இருக்கட்டுங்க. நாளைக்கு நானும் அந்த வண்டியிலதான போகோணும்.”

கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு நூல் பிடித்தார்.

நான் வீட்டுக்கு வந்தேன். அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில் அட்டை இருந்தது. முன்பக்க முனைகள் மழுங்கியிருந்தன.

சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மேசை வெறுமையாக இருந்தது. வரைபடம் ஏதும் இல்லை.

ஒரு விரலால் தள்ளினேன்.

எங்கும் இடிக்காமல் போய்க்கொண்டே இருந்தது.