நபிந்து டீச்சரின் பதிவேடு

"அந்த ஏழு பசங்களையும் நாங்க பிடிக்கவே இல்ல டீச்சர். ஏரியில மீன் பிடிச்சிட்டிருப்பானுங்க, அங்க போய்த் தேடுங்க" என்றார் கேப்டன் முகாருகா, தன் படை முகாமின் அறையில் உட்கார்ந்தபடி.

நபிந்து டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மனித உரிமை வேலைக்கு வந்து மூன்று வருடம். காங்கோவின் அந்த ஊரில் இப்படி எத்தனையோ பதில்களைக் கேட்டவர்.

"மத்தியான லாரியில அவங்களைச் சுரங்க வேலைக்கு ஏத்தி அனுப்பப் போறீங்கன்னு ஊரே பேசுது தம்பி."

"ஊருக்கு வேற வேலை இல்ல. நீங்களும் பேசாம பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போயிடுங்க."

"சரி, நீங்க சொன்னா சரி." டீச்சர் பையிலிருந்து பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தார். "ஏழு பேரும் என்கிட்ட படிச்ச பசங்க. ஒரு தடவை பேரை வாசிச்சுட்டுக் கிளம்பறேன். மனசு ஆறும்."

கேப்டன் சிரித்தார். "தாராளமா வாசிங்க."

வாசலில் காத்திருந்த தாய்மார்களுக்கும் கேட்கும்படி, வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தார் டீச்சர்.

"சிருஸா."

"உள்ளேன் டீச்சர்" என்றது பின்பக்கச் சுவர்.

"ப்யாமுங்கு."

"உள்ளேன் டீச்சர்."

ஆறாவது பெயருக்கும் பதில் வந்ததும் கேப்டன் ஓடிப்போய்ச் சுவரைத் தட்டினார்.

"வாயை மூடுங்கடா. உள்ள யாரும் இல்லைன்னு சொல்லிட்டிருக்கேன்ல?"

"முர்ஹூலா" என்றார் டீச்சர்.

"உள்ளேன் டீச்சர்."

வாசலில் தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் ஏழாவது டிக்கையும் போட்டுப் பதிவேட்டை மூடினார்.

"எல்லாரும் வந்திருக்காங்க தம்பி. பெல் அடிச்சுடுங்க, பசங்க வீட்டுக்குப் போகட்டும்."