கேமராவைப் பார்க்காதீங்க

“அக்கா, கேமராவைப் பார்க்காதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது? குடத்தைப் பாருங்க, தண்ணியைப் பாருங்க. என்னைத் தவிர எதை வேணும்னாலும் பாருங்க.”

யமிகானி தலையில் கை வைத்துக்கொண்டான். முதுகில் குழந்தையைக் கட்டியபடி குழாயடியில் நின்ற எனிஃபா, வெட்கத்தோடு சிரித்தாள். அவள் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“தப்புதான் தம்பி. டிவியில வரப்போறோம்னதும் கண்ணு தானா அங்க போயிடுது.”

“சரி, மறுபடியும் முதல்லேர்ந்து. அடுத்த ஆள் காலிக் குடத்தோட வாங்க.”

யமிகானி படம் எடுத்துக் கொடுக்கும் வீடியோ செய்தி நிறுவனம், கடல் தாண்டிய ஓர் அரசாங்கத்தின் காசில் நடப்பது. ஷிரே ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்ததும் அதே அரசாங்கம்தான். அதனால் படம் அருமையாக வரவேண்டும், சாயங்காலச் செய்திக்குள் வந்து சேரவேண்டும் என்று காலையிலிருந்தே போன் மேல் போன். பிந்தினால் அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த நிறுவனத்தின் வழக்கமே தனி. பின்னணிக் குரல் கிடையாது, இசை கிடையாது. எடுத்த படத்தை எடுத்தபடியே உலகத்துச் சேனல்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவன் தன் பாஷையில் பேசிக்கொள்வான். ஆகவே தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும். யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது. பம்பை ஓட்டும் ஜெனரேட்டரைக்கூட, அது வந்த லாரியோடு மாமரங்களுக்கு அப்பால் தள்ளி நிறுத்தச் சொல்லியிருந்தான்.

இந்த முறை எல்லாம் ஒழுங்காகப் போனது. குடம் நிரம்பும் நேரம் பார்த்து, ஓரமாக நின்ற வைசன் கிழவர் நெஞ்சே பிளக்கிற மாதிரி இருமினார்.

“ஓய், உம்ம இருமலுக்கு வேற நேரமே கிடைக்கலையா?” என்று ஊர்த்தலைவி நாபண்டா சீறினாள்.

“இருமல் என்ன என்னைக் கேட்டுட்டா வருது?”

நாபண்டா யமிகானியிடம் திரும்பினாள். “கோவிச்சுக்காதீங்க தம்பி. நாங்க விவரம் பத்தாதவங்க. இன்னொரு தடவை எடுங்க.”

அடுத்த தடவை ஒரு ஆடு வந்து வாளியில் வாய் வைத்தது. அதற்கடுத்த தடவை இரண்டு பெண்கள் யார் முதலில் வந்தது என்று சண்டை போட்டார்கள். ஜெனரேட்டர் லாரியோடு வந்திருந்த மாவட்ட அதிகாரி கோண்ட்வே, மாமர நிழலில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முனகினார்.

மதியம் நாபண்டா கோழிக் குழம்பும் சோளக்களியும் கொண்டுவந்து வைத்தாள். “நீங்க நிம்மதியா சாப்பிடுங்க தம்பி. அதுக்குள்ள நாங்க கேமராவைப் பார்க்காம தண்ணி பிடிக்கப் பழகிக்கறோம்.”

பழகினார்கள். ஊரே வரிசையில் நின்று பழகியது. சாப்பிட்டு முடித்து வந்து எடுத்தால், பழகியவர்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

நாபண்டாவின் பேட்டியும் லேசில் முடியவில்லை. “இனிமே ஆத்துக்குப் போக வேண்டாம், முதலைக்குப் பயப்பட வேண்டாம்” என்று ஆரம்பிப்பாள். பாதியில் பேச்சு மறந்துவிடும். பின்னால் குழாய் ஓடுவதும் படத்தில் வரவேண்டும் என்பதால், அவள் மறக்கும்போதெல்லாம் இன்னொருத்தி காலிக் குடத்தோடு வரவேண்டியிருந்தது. யமிகானி பொறுமை இழந்து கத்தியே விட்டான். அவள் முகம் சுளிக்கவில்லை.

ஒருவழியாக வெயில் சாயும் நேரத்தில், யாரும் பார்க்காமல், யாரும் இருமாமல், எல்லாம் கச்சிதமாக அமைந்தது. அவன் பெருமூச்சு விட்டுக் கேமராவைப் பையில் வைத்தான். இப்போது கிளம்பினால்கூட நகரத்துக்குப் போய்ச் சேர்ந்து அனுப்பிவிடலாம்.

பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு முழங்காலை மடக்கி, மெல்லக் கைதட்டினார்கள். “ஸிகோமோ தம்பி, ஸிகோமோ.” நாபண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்கு எதுக்கும்மா நன்றி? நாள் பூரா உங்களைத் திட்டிக்கிட்டேதானே இருந்தேன்” என்றான் சங்கடத்தோடு.

அந்த நேரம் மாமரங்களுக்கு அப்பால் ஜெனரேட்டர் அடங்கியது. குழாய் ஒரு தரம் விக்கி நின்றுவிட்டது. அவனைத் தவிர யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“என்னம்மா, தண்ணி நின்னுபோச்சு?”

“ஜெனரேட்டர் லாரியில வந்துச்சு, லாரியிலேயே போகுது தம்பி. சூரியத் தகடு வர்ற வரைக்கும் எங்களுக்குப் பழையபடி ஆறுதான், முதலைதான்.” நாபண்டா குரலைத் தணித்தாள். “போன வாரம் பக்கத்து ஊருக்கு வந்த கேமராக்காரர் பெரிய கெட்டிக்காரர். ஒரே தடவையில எடுத்து முடிச்சுட்டார். அந்த ஊருக்கு மொத்தமே ஒரு குடம்தான் கிடைச்சுது.”

யமிகானி அப்போதுதான் ஊரைப் பார்த்தான். வாசலுக்கு வாசல் குடம், வாளி, அண்டா, தேவாலயத்து டிரம், எல்லாம் ததும்பத் ததும்ப நிறைந்திருந்தன. கடைசி வீட்டுப் பக்கம் மட்டும் சில பாத்திரங்கள் இன்னும் காலியாகக் கிடந்தன.

அவன் பையில் போன் அடித்தது. எடுத்து அணைத்துவிட்டு, கேமராவை மறுபடி வெளியே எடுத்தான்.

“கோண்ட்வே சார், ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்க. முதல்லேர்ந்து எடுக்கணும்.”

“மறுபடியுமா? இப்போ யாருய்யா கேமராவைப் பார்த்தது?”

“யாரும் பார்க்கல சார். இந்தத் தடவை நான்தான் இருமிட்டேன்.”