சம்பளம் போதவில்லை

“ஏம்மா, எல்லாரையும் விட நாமதான் சம்பளம் அதிகமா குடுக்கிறோம். அப்புறம் ஏன் நம்மகிட்ட யாருமே நிக்க மாட்டேங்கிறாங்க?”

மகள் எப்போதோ சாப்பிடும்போது கேட்டது. குளிர்பதனக் கிடங்கின் காப்பாளர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்ததும் முதலாளியம்மாவுக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இதற்கு முன் இருந்தவர்களும் இப்படித்தான் சாவியை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள்.

இந்த வாரத்தோடு கணக்கை முடித்துக் கொடுத்துவிடும்படி அவர் கேட்டார். அடுத்த வாரம் லாரி லாரியாக ஆப்பிள் பெட்டிகள் வந்து இறங்கப்போகின்றன. பொறுப்பான ஆள் இல்லாமல் அத்தனையும் அழுகினால், கிடங்கை விற்றாலும் வியாபாரிகளுக்கு ஈடுகட்ட முடியாது. கணவர் போன பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுவது இந்தக் கிடங்கு ஒன்றுதான்.

வேலையை விட்டவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: சம்பளம் போதவில்லை. அவளும் நம்பினாள். அடுத்து வந்தவருக்குச் சம்பளத்தை ஏற்றினாள். அதற்கடுத்தவருக்குப் போனஸ் சேர்த்தாள். பிறகு வந்தவருக்கு வீட்டு வாடகையையே ஏற்றுக்கொண்டாள். ஒருவரும் ஒரு சீசன் தாண்டவில்லை.

கடைசியாகப் போனவரின் மனைவிதான் கடைத்தெருவில் பார்த்தபோது விஷயத்தைக் காதோடு சொன்னாள். மத்தியானத்தில், ஆளில்லாத மூன்றாம் அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்களாம்.

“பேய்க்குப் பயந்து வந்துட்டேன்னு ஆம்பளை வெளியில சொல்லிக்க முடியுமாங்க? அதான் சம்பளத்து மேல பழியைப் போட்டுட்டாரு.”

தட்டுவது யார் என்று முதலாளியம்மாவுக்குக் கேட்காமலே தெரிந்தது. கணவர் காலத்தில், ஓர் அரைநாள் வேலையின்போது, சுமை மேஸ்திரி உள்ளே பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடுமுறை கழிந்து திறந்தபோது அவர் கதவோரம் சாய்ந்து கிடந்தார். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. விஷயம் தெரிந்த பிறகும் அந்தக் கதவைத் திறக்கத் துணிவில்லாமல், அடுத்து வந்தவருக்கும் பணப்பையைத்தான் திறந்தாள்.

இந்த மனிதர் மட்டுமாவது தங்குவார் என்று நம்பியிருந்தாள். உடம்பில் ஒரு கம்பளி, கையில் மடித்து இன்னொரு கம்பளி என்று எந்நேரமும் இருப்பதால் சுமை தூக்குகிறவர்கள் அவருக்குக் ‘கம்பளி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று மாமியாருக்கா என்று சீண்டுவார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

மற்றவர்கள் வாசலில் மரத்தடியில் சாப்பிட, அவர் மட்டும் மூன்றாம் அறைக் கதவை ஒட்டி முக்காலியைப் போட்டுக்கொள்வார். வெயிலுக்குச் சொகுசாக இடம் பிடித்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். காது மந்தமோ என்றும் ஒரு சந்தேகம். மந்தமாகவே இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டும் இருந்தாள்.

இப்போது அவரையும் விட்டுவிட மனமில்லை. சம்பளத்தை இன்னும் ஏற்றுவதாகச் சொன்னாள். லாபத்தில் பங்கு தருவதாகவும் சொன்னாள்.

“சம்பளத்துல ஒரு குறையும் இல்லைம்மா. சொல்லப்போனா அதிகம்தான்” என்றார் கம்பளி.

அவள் நாற்காலிக்கு எதிரே நின்று அப்படிச் சொன்னவர் வேறு யாருமில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“மூணாம் ரூமாண்ணே?”

அவர் தலையை ஆட்டினார்.

“உங்களுக்கும் கேட்டுடுச்சா?”

“வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே கேட்டுச்சும்மா. கேக்கும்னு தெரிஞ்சுதான் வந்தேன்.”

அவள் உட்காரச் சொன்னாள். அவர் நின்றபடியே சொன்னார். இளவயதில் இதே கிடங்கில் மூட்டை தூக்கியவராம். ஒருநாள் அதே அறை, அதே தாழ்ப்பாள், உள்ளே இவர். வெளியே லாரியைச் சீக்கிரம் ஏற்றி முடிப்பவர்களுக்கு இரட்டைக் கூலி என்று அறிவித்திருந்த நேரம். தட்டிய சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. யாராவது திறப்பார்கள் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். தலைச்சுமையை இறக்கிவைத்து, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வந்து திறந்தவர் அந்த மேஸ்திரி ஒருவர்தான்.

“அப்புறம் நாலு காசு அதிகமாக் கிடைக்குதுன்னு நான் வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டேன். அவர் தட்டினப்போ நான் இங்க இல்லைம்மா.”

முதலாளியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அதனாலதான் வந்தேன். மத்தியானம் தட்டுவாரு. போய்த் திறந்து, இந்தக் கம்பளியை நீட்டி, ‘வாங்க மேஸ்திரி, வீட்டுக்குப் போலாம்’னு கூப்பிடுவேன். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.”

பார்க்க ஆளில்லாத அத்தனை மத்தியானங்களிலும் அவர் அதைச் செய்திருக்கிறார். அவள் ஏற்றிக்கொடுத்த எந்தச் சம்பளமும் யாரையும் அந்தக் கதவுவரை நடக்க வைக்கவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவிக்கொத்தை அவர் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.

“அடுத்து வர்றவங்களும் பயந்து ஓடத்தானே போறாங்க. நீங்களும் போயிட்டா அவருக்கு யாருண்ணே திறப்பாங்க?”

“இப்பல்லாம் அவர் தட்டுறதில்லைம்மா.”