ஐந்தாவது சாவு

முதலில் மந்திரி, அடுத்தது தளபதி, பிறகு அண்ணன், அண்ணி, கடைசியாக இளவரசி. பஸ்ஸில் உட்கார்ந்தபடி தருண் விரல் விட்டு எண்ணிக்கொண்டான். மொத்தம் ஐந்து சாவு. இதில் ஒன்று பிசகினாலும் அவனுக்குக் கல்யாணம் நடக்காது.

பக்கத்து சீட்டுக்காரர் மெல்ல எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். தருண் வாய்விட்டே எண்ணியிருக்கிறான்.

பாவம், அவன் யாரையும் கொல்லப் போகவில்லை. ஹெப்பகோடியிலிருந்து ஜோகுபாளையத்துக்குப் பெண் பார்க்கப் போகிறான். பெண் பிரபா, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறாள். நானூறு வருஷத்துப் பழைய நாடகங்கள் என்றால் அவளுக்கு உயிர் என்று தரகர் சொல்லியிருந்தார். அதனால் நாடகம் பார்த்துவிட்டு நாலு வார்த்தை பேசத் தெரிந்தவனுக்குத்தான் பெண் என்று அவள் அப்பா இராஜமாணிக்கம் நிபந்தனை போட்டிருந்தார்.

இதற்கு முன் வந்த இருவர் தேறவில்லை. முதல் மாப்பிள்ளை நாடகம் நடக்கும்போது போனில் கிரிக்கெட் பார்த்தாராம். அவரைக் கழித்தது நியாயம். இரண்டாமவர் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பிரமாதமாகப் பேசினாராம். அவரையும் பிரபா வேண்டாம் என்றுவிட்டாள். இவ்வளவு கறாரான பெண்ணிடம் ஒரு பம்பு கம்பெனி சூப்பர்வைசர் எப்படித் தேறுவது?

ஆனால் தேறியே ஆகவேண்டும். போன வாரம் போனில் பத்து நிமிஷம் பேசியதிலேயே அவள் சிரிப்பு அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அதனால்தான் இணையத்தில் நாடகத்தின் கதைச் சுருக்கத்தைத் தேடி எடுத்தான். கீழே வாசகர்கள் எழுதியிருந்ததையும் விடவில்லை. ‘இளவரசியிடம் ஒரு போன் இருந்திருந்தால் நாலு பேர் பிழைத்திருப்பார்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘ஐந்தாவது சாவில் அழாதவன் மனிதனே இல்லை’ என்றார் இன்னொருவர். தருண் இரண்டாமவரை மனப்பாடம் செய்தான்.

கோயில் திருவிழாப் பந்தலில் மூன்று மணிக்கு நாடகம். அந்தப் பழைய கதையைத் தெரு இளைஞர்களே தமிழில் மாற்றிப் போடுகிறார்கள். பிரபாவின் அம்மா மரகதம் பட்டுப்புடவையில் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

“வாங்க தம்பி. கொடி ஏத்தியாச்சு. இனிமே பத்து நாளைக்கு இந்தத் தெருவுல நல்லது மட்டும்தான் நடக்கணும். உங்க விஷயமும் நல்லபடியா முடியட்டும்.”

தருணுக்கும் பிரபாவுக்கும் நடுவில் மரகதம் உட்கார்ந்தார். திரை விலகி மந்திரி மேடைக்கு வந்தார். நைட் ஷிப்ட் முடித்துக் கண்ணே மூடாமல் வந்திருந்த தருணுக்கு, வந்தது ஒரு மந்திரியா இரண்டா என்று சந்தேகமாக இருந்தது. அடுத்து அவன் காதில் விழுந்தது கைதட்டல்.

பதறி எழுந்து அவனும் தட்டினான். திரை மூடியிருந்தது. அந்தப் பக்கம் பிரபாவும் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. ஒரு கன்னத்தில் மட்டும் கோடு கோடாகத் தடம். பாவம், அழுது அழுது துடைத்திருக்கிறாள் என்று தருண் நினைத்துக்கொண்டான்.

“நீங்க பேசிட்டிருங்க, காபி வாங்கிட்டு வர்றேன்,” என்று மரகதம் வலது தோளைப் பிடித்துவிட்டபடியே எழுந்து போனார்.

“எப்படி இருந்துச்சு?” என்று பிரபா கேட்டாள்.

தருண் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “அந்த அஞ்சாவது சாவுங்க. அதுல அழாதவன் மனுஷனே இல்ல.”

பிரபா அவனை ஒரு கணம் பார்த்தாள். “எனக்கும் அதேதாங்க. இளவரசி விஷத்தைக் குடிச்சுட்டு விழுந்தப்போ நெஞ்சை அடைச்சிடுச்சு.”

“விழுந்த அப்புறம் ஒரு பார்வை பார்த்தாங்களே,” என்று தருண் தைரியமாக ஒன்றைச் சேர்த்துவிட்டான்.

“ஐயோ, அதை என்னால பார்க்கவே முடியல.”

தருணுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனதுக்குள் பத்திரிகையே அடித்துவிட்டான்.

அப்போது இளவரசி வந்தாள். அதாவது, இளவரசி வேஷம் போட்ட டிரேவர் என்ற தெருப் பையன் வந்தான். கழுத்தில் மாலை, கையில் தட்டு.

“கேசரி எடுத்துக்கோங்க. கல்யாணக் கேசரி.”

“நீங்க செத்த சீன் பிரமாதங்க,” என்றான் தருண்.

“யாருங்க செத்தது?” என்றான் டிரேவர். “கொடி ஏத்தின தெருவுல பொணம் விழக்கூடாதுன்னு இராஜமாணிக்கம் அங்கிள் காலையில ஆர்டர் போட்டுட்டாரு. அதான் எனக்கும் தளபதிக்கும் கல்யாணம். அண்ணன் அண்ணிக்கு அறுபதாங் கல்யாணம். மந்திரிதான் ஐயரு. மேளமே அடிச்சாங்களே, கேக்கல?”

அவன் அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். தருண் கையிலிருந்த கேசரியை நாற்காலியில் வைத்தான். இனி எதைச் சொல்லியும் பிரயோஜனமில்லை.

“மன்னிச்சுடுங்க. நான் ஆரம்பத்துலயே தூங்கிட்டேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்ப எழுந்தான். உண்மையிலேயே அழுகை வந்தது.

பிரபா கன்னத்துத் தடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். காபியோடு மரகதம் வந்தார்.

“அம்மா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு,” என்றாள் பிரபா.

மரகதத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மகளின் காதருகே குனிந்தார். “போன மாப்பிள்ளைகூட நல்லாத்தானேடி பேசினாரு. அவரை ஏன் வேணாம்னே?”

“அவரு முழிச்சிருந்து என் குறட்டையைக் கேட்டுட்டாரும்மா.”