மனம் நோகாமல்

"இனிமே அந்த வெள்ளிக்கிழமை வேத வகுப்பு நடக்கக் கூடாது பாஸ்டர்" என்றார் சபைப் பொருளாளர், நாற்காலியில் உட்காராமலேயே.

போதகர் அவசரமாகக் கதவைச் சாத்தினார். "மெதுவா! வெளியில ஆள் நிக்கிறாங்க. டீச்சர் அப்படி என்ன சொல்லிட்டாங்க?"

"மாத்திரை போடுறவனுக்கு விசுவாசம் இல்லைன்னு ஒரு வருஷமா சொல்றாங்க. அதைக் கேட்டு நம்ம ஆர்கன்காரர் வலிப்பு மாத்திரையைக் குப்பையில போட்டுட்டார். நேத்து பாட்டுப் பயிற்சியில ஆர்கன் மேலயே சாய்ஞ்சு விழுந்துட்டார்."

"பிழைச்சுட்டாரே, ஸ்தோத்திரம்!"

"அடுத்த ஆளும் பிழைப்பார்னு எழுதிக் கொடுப்பீங்களா? அது வேதத்துல இல்லாத போதனைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா தங்கமான குணம். யாருக்கு முடியலைன்னாலும் முதல் ஆளா ஓடுவாங்க. மனசு நோக வேண்டாமேன்னு விட்டுட்டேன்."

"நோகட்டும். நிறுத்துங்க."

போதகர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நிறுத்திடறேன். அப்புறம் உங்களுக்கு வீட்டுல சோறு கிடைக்குமா? உங்க முகத்துக்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

பொருளாளர் லேசாகச் சிரித்தார்.

"என்னை அனுப்பினதே அவதான் பாஸ்டர். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில அவர் கட்டில் பக்கத்துல இருந்தா. காலையில தன் கையாலயே மாத்திரையை எடுத்துக் கொடுத்துட்டு, 'தப்புன்னு தெரிஞ்சும் ஏன் ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலை?'ன்னு கேட்டா."

போதகர் கைப்பேசியை எடுத்தார்.

"வகுப்பை நிறுத்த வேண்டாம். இன்னிக்கு அவங்களும் நானும் சேர்ந்தே நடத்தறோம். எல்லாரையும் அவங்கவங்க மாத்திரையோட வரச் சொல்றேன்."